வயிறு கழிய ஒரு திருநெல்வேலி இலை

1903ஆம் ஆண்டில் ஒரு மலமிளக்கிச் சாறு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கலிபோர்னியா ஃபிக் சிரப் கம்பெனி விற்றுவந்த அந்தச் சாற்றின் பெயர் அத்திப்பழச் சாறு. புட்டியின் மேல் ஒட்டிய தாளிலும் பழம் தொங்கும் அத்திக் கிளைதான் படமாக இருந்தது. இன்னொரு கம்பெனி அதே பெயரில் சரக்கை விற்கத் தொடங்கியதும் இவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றங்களில் வெற்றியும் பெற்றார்கள். ஆனால் வழக்கு நடக்க நடக்க உள்ளே இருந்த சரக்கு வெளியே வந்துவிட்டது. அத்திப்பழத்தின் பங்கு மிகச் சொற்பம். வயிற்றை இளக்கும் வேலையைச் செய்தது சென்னா என்ற இலை. வாங்குபவரை ஏமாற்றும் பெயருக்குச் சட்டம் காவல் நிற்காது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளிவிட்டது.

அந்த இலைதான் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் நிலாவரை. ஆவாரைக்கு நெருங்கிய உறவு. அதே மஞ்சள் பூ, தட்டையான காய். உலக மருந்துச் சந்தையில் அந்நாளில் அது பெரும்பாலும் இரண்டு பெயர்களில் விலைபோனது. ஒன்று அலெக்சாந்திரியா சென்னா, மற்றொன்று டின்னவெலி சென்னா. இரண்டாவது நம் திருநெல்வேலி.

தூத்துக்குடி முத்தைப் பற்றியும் உப்பைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கரிசல் பருத்தியைப் பற்றி நாவல்களே இருக்கின்றன. அதே மண்ணிலிருந்து இருநூறு ஆண்டுகளாகக் கப்பலேறிக்கொண்டிருக்கும் இந்த இலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவதில் இருக்கும் கூச்சமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மனிதர்கள் வைத்தியரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளப் பார்த்த உபாதைகளில் இது முதல் வரிசையில் இருக்கிறது. அந்த வீட்டு வைத்தியத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் திருநெல்வேலிச் சீமைக்குப் பெரிய இடம் உண்டு.

நிலாவரை வருவதற்கு முன்பே இந்த நாட்டில் பேதிக்குச் சரக்குகள் ஏராளம். சரகரும் சுசுருதரும் சிவதை வேரையும் சரக்கொன்றைப் புளியையும் ஆமணக்கெண்ணெயையும் கடுக்காயையும் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் பேதி என்பது நோய்க்கான மருந்தாக மட்டும் நிற்கவில்லை, ஒழுங்கான வாழ்க்கையின் பகுதியாகவே ஆகியிருந்தது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கும் மருந்து கொள்ளச் சொல்கிறது. வாதத்தைத் தணிக்கும் வழி பேதி என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படைக் கணக்கு. அதனால் பெரிய மருந்து எதையும் தொடங்கும் முன் வயிற்றைக் கழியவைப்பது வைத்தியர்களின் வழக்கமாக இருந்தது.

வீடுகளில் இந்த விதி விளக்கெண்ணெய் வடிவில் நடந்தது. கொட்டைமுத்து என்ற ஆமணக்கு விதையை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். மேலே மிதந்து வரும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுத்து, மறுபடி காய்ச்சி ஈரம் போக்கிப் புட்டியில் ஊற்றி வைப்பார்கள். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயோடு சேராது, கொதியில் செயலிழந்தும் போகும். பாட்டிமார் ரிசினை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கொட்டைமுத்தைப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடக் கூடாது என்பதும், எண்ணெயை நன்றாகக் காய்ச்சித்தான் உள்ளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அவர்கள் கைப்பழக்கத்தில் இருந்தன. அந்த அறிவு எளிதாகக் கிடைத்திருக்காது.

பேதிக்குக் கொடுக்கும் நாள் வீட்டில் தனி நாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்வார்கள். முதல் நாள் இரவு அரை வயிற்றுச் சாப்பாடு. விடியலில் வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய். இஞ்சிச் சாற்றிலோ சூடான காப்பியிலோ கலந்து, மூக்கைப் பிடித்து ஊற்றியதும் உண்டு. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வயிறு கடமுடவென்று இரையும். நடுநடுவே வெந்நீர் குடிக்கவைப்பார்கள். போதும் என்று தோன்றும்போது மோர் கொடுத்து நிறுத்துவார்கள். மத்தியானம் குழைந்த சோறும் மிளகு ரசமும். அன்று எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, பகல் தூக்கமும் கூடாது. கொல்லைப்புறத்துக்கு எத்தனை முறை போனார்கள் என்று பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

விளக்கெண்ணெய் இப்படி வேகமாக வேலை செய்வதற்குக் காரணம் அதிலுள்ள ரிசினோலிக் அமிலம். எண்ணெய் சிறுகுடலில் செரிக்கப்படும்போது அது பிரிந்து வெளிவருகிறது. குடல் தசையில் புரோஸ்டகிளாண்டின் தொட வேண்டிய ஈ.பி.3 என்ற ஏற்பியை அது தொட்டு முறுக்கிவிடுகிறது என்பது 2012இல் வெளிவந்த ஆய்வில் தெளிவானது. கருப்பைத் தசையிலும் அதே ஏற்பி இருக்கிறது. கர்ப்பிணிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையின் வேர் அங்கேதான்.

விளக்கெண்ணெய்க்கும் மேலே கடுமையானது நேர்வாளம். அதைச் சுத்தி செய்யாமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து. தேர்ந்த வைத்தியர் கையில் மட்டும் இருக்க வேண்டிய சரக்கு அது. அளவு தெரியாமல் கொடுத்து நீர்வற்றிச் சுருண்டவர்களின் கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. பேதி மருந்தின் வரலாற்றை எழுதும்போது இந்த வேதனையை மறைத்துவிட்டு, முன்னோர் செய்த எல்லாம் சரி என்று சொல்வது நேர்மையாகாது. கழிச்சலே ஆரோக்கியம் என்று நம்பிய காலத்தில் அதிகம் பட்டவர்கள் குழந்தைகள்.

நிலாவரை இந்த வரிசைக்குப் பிந்தி வந்த சரக்கு. அதன் புகழ் அரபு நாட்டில் தொடங்கியது. நபிகள் நாயகம் அஸ்மா பின்த் உமைஸ் என்ற பெண்மணியிடம் வயிறு கழிய எதைக் கொள்கிறாய் என்று கேட்டதையும், அவர் முதலில் சொன்ன மருந்து மிகக் கடுமையானது என்று சொன்னதையும், பிறகு அவர் சனா என்ற இந்த நிலாவரைக்கு மாறியதை அறிந்து அதைப் புகழ்ந்ததையும் ஹதீஸ் தொகுப்புகள் பதிந்திருக்கின்றன. கடுமையிலிருந்து மென்மைக்கு நகரும் இந்த அக்கறை அத்தனை பழைய பதிவிலேயே இருப்பது கவனிக்கத்தக்கது. பின்வந்த அரபு மருத்துவர்கள் சனாவை முறைப்படி தங்கள் நூல்களில் சேர்த்தார்கள். அவர்கள் வழியே அது ஐரோப்பாவுக்கும், யுனானி ஹக்கீம்கள் வழியே இந்தியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. செங்கடல் பக்கமிருந்து சூரத்துத் துறைமுகத்தில் இறங்கி வந்ததால் தமிழ் மருந்துக்கடைகளில் அதற்குச் சூரத்து நிலாவரை என்றே பெயர் நிலைத்தது. இங்கே வறண்ட நிலத்தில் தானே முளைக்கும் நாட்டு வகை ஒன்றும் உண்டு. அதன் வீரியம் குறைவு.

ஐரோப்பாவுக்கு வேண்டிய இலை நெடுங்காலம் எகிப்து வழியாகத்தான் போனது. நூபியாவிலும் சூடானிலும் காட்டில் விளைந்ததைப் பாலைவனக் குடிகள் பறித்து ஒட்டகத்தில் ஏற்றி நைல் கரைக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து படகில் கெய்ரோ, பிறகு அலெக்சாந்திரியா. எகிப்திய அரசு இந்த வாணிபத்தைத் தன் கையில் வைத்துக் குத்தகைக்கு விட்டது. இலையோடு ஆர்கெல் என்ற வேறொரு செடியின் இலையைக் கலப்பது அங்கே வாடிக்கையாகவே நடந்தது. ஐரோப்பாவில் சேர்ந்த கலப்படம் இன்னும் மோசம். தென் பிரான்சில் விளையும் கோரியாரியா என்ற நச்சுச் செடியின் இலையும் சில நேரம் உள்ளே நுழைந்தது. சென்னா குடித்து வலிப்பு வந்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளுக்கு அந்த இலைதான் காரணம்.

இந்த நிலையில்தான் திருநெல்வேலி வருகிறது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாளையங்கோட்டைப் பக்கம் ஜார்ஜ் ஹியூஸ் என்ற வணிகர் இருந்தார். மொரிசியஸ், ரீயூனியன் தீவுகளோடு தொடர்புடைய பூர்பன் பருத்தியைத் திருநெல்வேலியில் பயிரிட்டு லண்டன் சந்தையில் நல்ல விலைக்கு விற்றதால் பருத்தி வரலாற்றில் அவர் பெயர் அடிபடும். அதே ஹியூஸ் சென்னாவையும் பயிரிட்டார். காட்டிலிருந்து பறித்துவந்த இலை அல்ல, வயலில் விதைத்து, பக்குவம் பார்த்து, கையால் பறித்து, நிழலில் உலர்த்திய இலை. லண்டன் மருந்தியல் பேராசிரியர் ஜொனாதன் பெரெய்ரா 1839-40இல் வெளியிட்ட பெரிய நூலில் திருநெல்வேலி இலைக்குத் தனி இடம் கொடுத்தார். அது கலப்பில்லாதது, உயர்ந்தது என்பது அவர் கணிப்பு. நொறுங்கியும் கலந்தும் வந்த அலெக்சாந்திரியா இலைக்குப் பழகிய லண்டன் வணிகருக்கு, நீண்டு முழுசாக இருக்கும் இந்த இலை ஓர் அதிசயம். வேதிச் சத்தில் எகிப்து இலைக்குப் பின்தங்காதது என்பதோடு, பார்த்த மாத்திரத்தில் நம்பிக்கை தந்தது. பிறகு பிரிட்டிஷ் மருந்தகக் கோவையில் இந்திய சென்னா அலெக்சாந்திரியாவுக்கு இணையாக இடம்பெற்றது.

ஹியூஸ் விதையைக் கொண்டுவந்திருக்கலாம், முதலீடும் செய்திருக்கலாம். ஆனால் அந்தச் சுத்தம் பறித்தவர்களின் கையிலும் உலர்த்தியவர்களின் பொறுமையிலும் இருந்தது. அவர்கள் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை. டின்னவெலி என்ற ஊர்ப்பெயர் மட்டும் ஏறியது.

இந்தச் செடி கேட்பது மிகக் குறைவு. மானாவாரிப் புஞ்சை போதும். சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணிலும் வரும், வடக்கே கரிசலிலும் வரும், நெல் அறுத்த வயலிலும் வரும். தண்ணீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகிவிடும். விதையின் மேல்தோல் கடினமானது. சொரசொரப்பான மணலோடு சேர்த்து லேசாக இடித்து, தோலைக் கீறிவிட்டு விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். மூன்று மாதத்தில் முதல் பறிப்பு. பூ தள்ளுவதற்கு முன் பறித்தால் இலையில் சத்து அதிகம் என்பதால் பூங்கொத்து தலைகாட்டினால் கிள்ளி எறிவார்கள். ஒரு மாதம் விட்டு இரண்டாம் பறிப்பு, பிறகு இன்னொன்று. கடைசியில் காயையும் எடுப்பார்கள்.

உலர்த்துவதுதான் கெட்டிக்காரத்தனம். வெயிலில் நேராகப் போட்டால் இலை பழுப்பேறி விலை விழுந்துவிடும். களத்தில் குவித்து வைத்தால் வெந்து கறுத்துவிடும். நிழலில் மெல்லியதாகப் பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் திரும்பத் திரும்பக் கிளறிவிட்டு, மஞ்சள் ஓடிய பச்சை நிறம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு சலித்து, மண்ணையும் காம்பையும் போக்கி, தரம் பிரித்து, அழுத்திப் பொதி கட்டுவார்கள். அந்த அழுத்தத்தில் ஒரு இலையின் நரம்பு இன்னொரு இலையில் கோடாகப் பதியும். மருந்தியல் மாணவர்கள் இன்றும் படிக்கும், திருநெல்வேலி இலை என்று கண்டுகொள்ள உதவும் குறிகளில் ஒன்று அந்தப் பொதித் தழும்பு.

பொதிகள் தூத்துக்குடிக்குப் போயின. 1876இல் ரயில் வந்தபின் அந்தப் பயணம் எளிதாயிற்று. ஆனால் துறைமுகத்தில் கடல் ஆழமில்லை. கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும், தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய் ஏற்றும். பருத்திப் பொதிகளோடும் கருப்புக்கட்டிச் சிப்பங்களோடும் நிலாவரையும் தோணியேறியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அது எகிப்தின் வழியாகவே லண்டன் போய், மின்சிங் லேன் தெருவில் மருந்துச் சரக்கு ஏலத்துக்கு வந்தது.

அங்கே அது என்ன ஆயிற்று? ஆங்கிலேயர் வீடுகளிலும் பேதி நாள் ஒன்று உண்டு. பல குடும்பங்களில் வாரக் கடைசி இரவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு கரண்டி கொடுப்பார்கள். சென்னாக் காய்களை இரவு தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பது ஏழைகளின் வழி. இலையை விடக் காய் மென்மையானது, வயிற்றை அவ்வளவாக முறுக்காது. இலைக் கஷாயத்தோடு எப்சம் உப்பைச் சேர்த்த கறுப்புக் கஷாயம் வீரியமானது. மருந்துக்கடைகளில் சென்னா லேகியம் கிடைத்தது. அதில் அத்தி, உலர்ந்த பிளம், கொத்தமல்லி, அதிமதுரம், சரக்கொன்றைப் புளி, கூடவே நம் புளியும் சேரும். நிலாவரை மட்டும் தனியாக உள்ளே போனால் வயிற்றைப் பிடித்து முறுக்கும் என்பதை எல்லா நாட்டாரும் கண்டுகொண்டார்கள். ஆங்கிலேயர் கொத்தமல்லியும் இஞ்சியும் கிராம்பும் சேர்த்தார்கள். சித்த மருத்துவத்தின் நிலாவரைச் சூரணத்தில் சுக்கு, ஓமம், மிளகு, வாயுவிளங்கம், சர்க்கரை. இரு நாட்டாரும் அதே முறுக்கலுக்கு அதே வகை மாற்றைக் கண்டார்கள். 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அங்கும் மற்ற சித்த மருத்துவமனைகளிலும் மலச்சிக்கலோடு வருபவர்களுக்கு இந்தச் சூரணம் பழக்கமான மருந்து.

மேற்கில் பேதிப் பழக்கத்தைத் தூண்டியது ஒரு பயம். குடலில் மலம் தங்கினால் அதன் நஞ்சு ரத்தத்தில் ஏறி உடலைக் கெடுக்கும் என்ற கொள்கை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய மருத்துவர்களையே பிடித்தாட்டியது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டியெடுத்தார். 1919இல் வால்ட்டர் ஆல்வரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார். மலம் கழிந்தவுடனே தலைவலியும் சோர்வும் போய்விடுகின்றனவே, ரத்தத்தில் ஏறிய நஞ்சு அத்தனை வேகமாக எப்படி இறங்கும்? மலக்குடல் விரிந்து நிற்பதே அந்த அறிகுறிகளுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். மலக்குடலில் பஞ்சை அடைத்தபோதும் அதே அறிகுறிகள் வருவது சோதனையில் தெரிந்தது. கொள்கை மெல்லச் செத்தது. பயம் சாகவில்லை. ஒரு நாள் போகவில்லை என்றால் உடம்பே விஷமாகிவிட்டதாக அஞ்சும் இளைஞர்களை இன்றும் பார்க்கலாம். வாரத்துக்கு மூன்று முறை முதல் ஒரு நாளைக்கு மூன்று முறை வரை சிரமமில்லாமல் போவது இயல்புதான் என்பது மருத்துவம் இன்று சொல்லும் கணக்கு.

பழைய மருந்துகளில் பல காலப்போக்கில் உதிர்ந்துபோயின. மதுவில் கலப்படத்தைக் கண்டுபிடிக்கச் சேர்த்த ஃபீனால்ஃப்தலீன் வயிற்றைக் கழியவைப்பதை ஹங்கேரியில் கண்டார்கள். 1906இல் நியூயார்க்கில் மாக்ஸ் கிஸ் அதைச் சாக்லேட்டில் கலந்து எக்ஸ்-லாக்ஸ் என்ற பெயரில் விற்றார். தொண்ணூறு ஆண்டுகள் வீடு வீடாக இருந்த மருந்து அது. எலிகளில் புற்றுநோய் தூண்டியது தெரிந்ததும் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. எக்ஸ்-லாக்ஸ் அப்போது எதற்கு மாறியது? சென்னாவுக்கு. 2002இல் கற்றாழையும் கஸ்காரா என்ற மரப்பட்டையும் கூடப் பாதுகாப்புச் சான்று போதாமல், மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் விற்கும் மருந்துகளின் அமெரிக்கப் பட்டியலிலிருந்து நீங்கின. சென்னா நின்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது.

அது நின்றதற்குக் காரணம் அதன் வேலை முறை. சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் 1941இல் இலையின் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். சென்னோசைடு என்று பெயர். அது இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஏறக்குறைய தொடப்படாமல் கடந்து போகிறது. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதன் சர்க்கரைப் பகுதியை வெட்டிய பிறகுதான் மருந்தாகவே மாறுகிறது. குடலை அசைக்கிறது, நீர் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. அதனால்தான் இரவில் குடித்தால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, விடியலில் பலன் தெரிகிறது. இரவு நிலாவரைத் தண்ணீர் குடித்துப் படுக்கும் பழைய வழக்கத்துக்குள் இந்தக் கணக்குத்தான் ஒளிந்திருந்தது. நெடுநாள் விடாமல் எடுத்தால் பெருங்குடலின் உள்தோல் கறுக்கும், நிறுத்தினால் காலப்போக்கில் தெளியும். 1952இல் அமெரிக்காவின் சாக்லர் குடும்பம் வாங்கிய பர்டூ ஃபிரெடரிக் கம்பெனிக்கு அரை நூற்றாண்டு சோறு போட்ட சரக்குகளில் ஒன்று செனோகாட் என்ற சென்னா மாத்திரை. பின்னாளில் அந்தக் குடும்பம் ஆக்ஸிகான்டின் என்ற அபின்வகை வலிமருந்தை விற்றபோது, அது உண்டாக்கும் மலச்சிக்கலுக்கும் அதே மாத்திரையை நீட்டியது. புஞ்சைக்காட்டு இலை ஒன்று எத்தகைய கணக்குகளுக்குள் போய்ச் சிக்குகிறது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மருந்தைத் தேடிய இந்தக் கதையில் பெரிய திருப்பம் மருந்தால் வரவில்லை. உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட் 1972இல் தன் நண்பர்களோடு லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சாப்பிட்டது வெளியே வர எத்தனை மணி நேரம், மலத்தின் எடை எவ்வளவு என்று நாட்டுக்கு நாடு அளந்திருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையினர் குடும்பங்களில் அது சுமார் 83 மணி நேரம், நாளுக்கு நூறு கிராமை ஒட்டிய எடை. உகாண்டா கிராமத்தாருக்குச் சுமார் 36 மணி நேரம், எடை 470 கிராம். அந்தப் பட்டியலில் தென்னிந்தியச் செவிலியர் குழு ஒன்றும் உண்டு. அவர்களுக்குச் சுமார் 44 மணி நேரம், 155 கிராம். பெரும்பாலும் இளம் பெண்களாக இருந்திருக்கக்கூடிய அவர்கள் தங்களுக்குத் தெரியாமலே மருத்துவ வரலாற்றில் ஒரு வரியாக நிற்கிறார்கள். வேறுபாட்டுக்குக் காரணம் நார்ச்சத்து என்றார் பர்கிட். அவர் அதிலிருந்து எடுத்த முடிவுகளில் சில அளவுக்கு மிஞ்சியவை என்று பின்னால் விவாதிக்கப்பட்டாலும், மலச்சிக்கலைப் பொறுத்தவரை சாப்பாட்டுத் தட்டை முதலில் பார்க்கும் பழக்கம் அப்போதிருந்துதான் மருத்துவத்தில் வேரூன்றியது.

தமிழ்நாட்டில் அந்தத் தட்டு அதன் பிறகு நிறைய மாறிவிட்டது. கம்பும் கேழ்வரகும் தீட்டாத அரிசியும் போய், தீட்டிய வெள்ளை அரிசியும் மைதாவும் வந்தன. ஊரைவிட்டு விடுதியில் தங்கிப் படிக்கும் இருபது வயதுப் பையனுக்கும், இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கும் காலை நேரம் தங்கள் கையில் இல்லை. வரிசையில் நிற்கும் பொதுக் கழிப்பறையில் உணர்வு வந்தபோது போக முடியாமல் அடக்கி அடக்கி, உணர்வே மங்கிவிடுகிறது. இரைப்பையில் சூடாக எதுவும் இறங்கியதும் பெருங்குடல் அசைந்துகொடுக்கும் இயல்பு காலையில்தான் பலமாக இருக்கும். விடியலில் வெந்நீரோ காப்பியோ குடித்து அவசரமில்லாமல் போகச் சொன்ன பெரியவர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது. மேற்கத்தியக் கோப்பையில் உட்காருபவர் காலடியில் ஒரு சிறு பலகை வைத்துக்கொண்டால் ஓரளவு அதே பலன் கிடைக்கும்.

மலச்சிக்கலுக்கு முதலில் பார்க்க வேண்டியவை கீரை, அவரை, கொய்யா, வாழை, சிறுதானியம் என்று நாளுக்கு 25 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து, போதிய தண்ணீர், நடை. பற்றாவிட்டால் வடகுஜராத்தில் விளையும் இசப்கோல் உமியை ஒரு கோப்பைத் தண்ணீரோடு. அதற்கும் இளகாவிட்டால் குடலில் நீரைப் பிடித்துவைக்கும் பாலி எத்திலீன் கிளைக்கால் தூள். 2023இல் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் அதற்கு உறுதியான பரிந்துரை உண்டு, சென்னாவுக்கும் இடம் உண்டு. நிலாவரையை இரவில் சிறிய அளவில், சில நாள் மட்டும், ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் நீட்டாமல் எடுத்துக்கொள்வது நல்ல துணை. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வாந்தியோடு வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாத நிலை, கடும் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் பேதி மருந்தைத் தொடவே கூடாது. அது இளவயதானாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். குடல்வால் அழற்சியை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து, அது வெடித்துப்போன துயரங்களை முந்தைய தலைமுறை மருத்துவர்கள் நிறையக் கண்டிருக்கிறார்கள்.

திருநெல்வேலிப் புஞ்சையில் நிலாவரை இன்றும் விளைகிறது. தூத்துக்குடி தனி மாவட்டமாகிவிட்டது. வல்லநாட்டுக்கு அருகிலுள்ள கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இந்தப் பயிருக்குத் தனி ரகமே வெளியிட்டிருக்கிறது. 1974இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடியிலிருந்து நித்தியகல்யாணி வேரோடும் பிற மூலிகைகளோடும் இலையும் காயும் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகின்றன. போட்டியாக ராஜஸ்தான் எழுந்துவிட்டது. ஜோத்பூர்ப் பக்கத்தில் சோனாமுகி என்ற பெயரில் அதே செடி ஏராளமாக விளைகிறது. வாங்குபவர்கள் இப்போது இலையின் நிறத்தை மட்டும் பார்ப்பதில்லை. சென்னோசைடு எத்தனை சதவீதம், பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா, பூஞ்சை நஞ்சு உண்டா என்று ஆய்வகத்தில் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். ஐரோப்பிய மருந்தகக் கோவை அலெக்சாந்திரியாக் காய்க்கு 3.4 சதவீதமும் திருநெல்வேலிக் காய்க்கு 2.2 சதவீதமும் குறைந்தபட்சச் சத்து என்று நெடுங்காலம் தனித்தனியாக விதித்திருந்தது. நிழலில் உலர்த்தும் பத்து நாளில் மழை தூறிவிட்டால் அந்த அளவு எட்டாமல் போகலாம், அந்த நட்டம் விவசாயியின் தலையில்தான் விழும். பறிகூலியும் உலர்த்தும் கூலியும் கையில் கொடுத்தாக வேண்டும். விலையோ கடலுக்கு அப்பால் முடிவாகிறது. மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் ஏமாற்றிய ஆண்டில் இந்த இலையை நம்பி விதைத்த குடும்பங்கள் சாத்தான்குளம் வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு நியாயமான கொள்முதல் விலையும், மழைக்கு ஒதுங்க நல்ல உலர்களமும் கிடைக்க வேண்டும்.